அப்பனுக்குக் குடுத்த கேள்வியைப் பொண்ணு வாசிச்சா அது யாரோட பதிலுங்க? சர்வே எடுத்த குழுவுக்கும் கல்வித்துறை அதிகாரிகளுக்கும் ஒரு திறந்த மடல்

பாலக்காடு மாவட்டத்தோட கிழக்குக் கோடியில, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கற ஸ்கூல்கள்ல பிள்ளைங்க மனநிலை பத்தியும் பெத்தவங்க தன்னம்பிக்கை பத்தியும் சர்வே எடுத்த குழுவுக்கும், அதுக்கு பர்மிஷன் குடுத்த அதிகாரிகளுக்கும்,

போன பி.டி.ஏ மீட்டிங்ல உங்க குழுவுல இருந்து வந்தவரு புரொஜெக்டர்ல ஒரு கலர் சார்ட் போட்டுக் காட்டினாரு. அதுல எங்க ஸ்கூல் பட்டைதான் இருக்கறதுலயே குட்டை. இந்த ஏரியா பேரன்ட்ஸுக்கு கான்ஃபிடன்ஸ் ரொம்பக் கம்மி, பிள்ளைங்களுக்கு எமோஷனல் பிரச்சினை ரொம்ப ஜாஸ்தின்னு மைக்ல சொன்னாரு, சொன்னது மலையாளத்துல, பின்னாடி பெஞ்சுல உக்காந்திருந்த அம்மாங்க பாதிப் பேருக்கு அவரு என்ன பேசறாருன்னே புரியல, புரிஞ்ச மீதிப் பேரு தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. அப்புறம் ரெண்டு முடிவு சொன்னீங்க. பெத்தவங்க எல்லாருக்கும் விழிப்புணர்வு கிளாஸ், வேலை நாள்ல, காலைல பத்து மணிக்கு, மூணு நாளு, கட்டாயம் வரணும். பிரச்சினை ஸ்கோர் ஜாஸ்தி வந்த பிள்ளைங்க லிஸ்ட் கிளாஸ் டீச்சருங்க கைக்குப் போயிருக்கு, அவங்களைத் தனியா கவனிப்பாங்க. இந்த ரெண்டு முடிவையும் எங்களால ஏத்துக்க முடியாது. ஏன்னு சொல்றதுக்குத்தான் இதை எழுதறேன்.

நான் யாருன்னா, கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன், ஆன்லைன் அப்ளிகேஷன் எல்லாம் போட்டுக்குடுக்கறேன். என் பையன் ஏழாவது படிக்கறான். வேலந்தாவளம் தாண்டுனா கோயம்புத்தூர் மாவட்டம், கோபாலபுரம் தாண்டுனா பொள்ளாச்சி, நாங்க இந்தப் பக்கம். 1956 நவம்பர் 1-ல கோடு போட்டப்ப கேரளாவுக்குள்ள வந்த ஊருங்க இது, கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதின்னு எந்தப் பஞ்சாயத்துக்குள்ள போனாலும் டீக்கடையில கேக்கறது தமிழ்தான். பெத்தவங்க முக்கால்வாசி தென்னை ஏறறவங்க, கள்ளு எறக்கறவங்க, விடியறதுக்கு முன்னாடி வேன் ஏறி பொள்ளாச்சி பக்கம் கயிறு கம்பெனிக்குப் போறவங்க. தமிழ்ல நாலு வரி வாசிப்பாங்க, மலையாளம் பேசுனா புரிஞ்சுக்குவாங்க, ஆனா எழுத்து தெரியாது. பிள்ளைங்களுக்குத் தெரியும், ஸ்கூல்ல மலையாளம் படிக்கறாங்க. உங்க சர்வே மொத்தமும் ஓட்டையாப் போனது இந்த எடத்துலதான்.

ஃபாரம் மலையாளத்துல வந்துச்சு. சம்மதக் கடுதாசியும் மலையாளத்துலதான். அதைப் பிள்ளைங்க வீட்டுக்குக் கொண்டு வந்து "இங்க கையெழுத்துப் போடும்மா"ன்னு வெரலை வெச்சுக் காட்டினாங்க, போட்டாங்க. நானும் என் பையனோடதுல போட்டேன், எனக்கு மலையாளம் வாசிக்க வரும், அதனால அதுல "விருப்பம் இல்லைன்னா கலந்துக்க வேண்டாம்"னு ஒரு வரி இருக்கறது எனக்குத் தெரியும். அந்தத் தெருவுல வேற யாருக்கும் தெரியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்) 2017-ல போட்ட ஆய்வு நெறிமுறையில, பெத்தவங்களுக்குப் புரியற பாஷையில விஷயத்தைச் சொல்லித்தான் சம்மதம் வாங்கணும், பெரிய பிள்ளைங்க கிட்டயும் தனியா அவங்க சம்மதத்தைக் கேக்கணும்னு இருக்கு. பிள்ளைங்க கிட்ட யாரு கேட்டீங்க?

அந்த வாரம் பூரா சாயங்காலமானா என் கடையில இதே கூட்டம்தான். "அம்மிணி, இதைக் கொஞ்சம் ஃபில்லப் பண்ணிக்குடு." வாசிச்சுக் காட்டறேன், பதிலு நீங்கதான் சொல்லணும், நானா டிக் போட மாட்டேன்னு எல்லாருகிட்டயும் சொன்னேன். உடனே கேக்கறாங்க, "எதுல டிக் போட்டா ஸ்காலர்ஷிப் வரும்?" இன்னொருத்தரு, "இது ரேஷன் கார்டு கலரை மாத்தறதுக்கா?" ஒரு பாட்டி, பேரனை அவங்கதான் வளக்கறாங்க, "அம்மா இல்லாத புள்ளைன்னு ஹாஸ்டலுக்குப் புடிச்சுட்டுப் போயிருவாங்களா சாமி"ன்னு கேட்டுட்டு எல்லாக் கேள்விக்கும் நல்லதா எது இருக்கோ அதையே போடச் சொல்லிருச்சு. எங்க பக்கம் ஃபாரம்னு ஒண்ணு வந்தா ஏதோ கெடைக்கும், இல்லைன்னா ஏதோ போயிரும். சும்மா மனசுல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கறதுக்கு ஒரு ஃபாரம் வரும்னு யாரும் நெனைக்கல, அப்படித்தான்னு நீங்க ஒரு வார்த்தை வந்து சொல்லவும் இல்ல.

இதுல நான் பாத்த ஒண்ணை மட்டும் முழுசாச் சொல்லணும். (யாருன்னு தெரியக் கூடாதுன்னு ரெண்டு மூணு விவரத்தை மாத்தியிருக்கேன், சின்ன ஊரு.) ஒரு அப்பா, மரமேறி, பொண்ணு ஏழாவது. கடையில கூட்டம், எனக்குக் கை ஒழியல, அதனால அந்தப் பொண்ணே பெஞ்சுல உக்காந்து வாசிக்க ஆரம்பிச்சிருச்சு. மலையாளத்துல ஒரு தடவை மனசுக்குள்ள வாசிக்கும், அப்புறம் தமிழ்ல அப்பாகிட்டக் கேக்கும். "அப்பா, நான் அடிக்கடி சோகமா, அழுவாச்சியா இருக்கறனான்னு கேட்டிருக்காங்க." அவரு பொண்ணு மூஞ்சியைப் பாத்தாரு. "நீ எதுக்குக் கண்ணு அழுவறே?" "நான் ஒண்ணும் அழுவல." இல்லைங்கற கட்டத்துல டிக். அடுத்தாப்ல பொய் சொல்றதைப் பத்தி ஒரு கேள்வி, அதை அது வாய் விட்டே வாசிக்கல, தானா ஒரு டிக் போட்டுட்டு சட்டுனு கீழ போயிருச்சு, நான் லேமினேஷன் மெஷின் கிட்ட நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன். அப்புறம் ஃபாரத்தைத் திருப்புனா பின்பக்கம் பெத்தவங்களுக்கான கேள்வி. பிள்ளை வளக்கறது சலிப்பா இருக்கு, நான் நல்ல அப்பா அம்மாவா இல்ல, இந்த மாதிரி. அந்தச் சலிப்புக் கேள்வியை வாசிக்கறப்ப பொண்ணுக்குக் கொரலு எறங்கிப் போச்சு. அவரு டபக்குனு எந்திரிச்சு நின்னுட்டாரு. "எவன் சொன்னான்? உன்னைய வளக்கறதுல எனக்கென்ன சலிப்பு? நாளைக்கு ஸ்கூலுக்கு வர்றேன், டீச்சருகிட்ட நானே கேக்கறேன்." பொண்ணு அவரு சட்டையைப் புடிச்சு உக்கார வெச்சு, "யாரும் சொல்லலப்பா, எல்லாருக்கும் இதே கேள்விதான்"னு சமாதானப்படுத்திட்டு மீதி எல்லாத்துக்கும் அதுவே டிக் போட்டுச்சு.

அந்தப் பேப்பர் இப்ப உங்க கம்ப்யூட்டர்ல "அப்பாவோட தன்னம்பிக்கை"ன்னு ஒரு நம்பரா இருக்கு. பன்னெண்டு வயசுப் பொண்ணு தன்னோட அப்பாவுக்குக் கோவம் வராம பாத்துக்கிட்ட சாமர்த்தியத்துக்கு நீங்க போட்ட மார்க்குன்னு நான் சொல்லுவேன்.

என் தங்கச்சி கோயம்புத்தூர்ல நர்ஸு. அவகிட்ட ஃபாரத்தைக் காட்டினேன். பிள்ளைங்க பத்தின 25 கேள்வியையும் பாத்துட்டு, இது எஸ்.டி.க்யூ மாதிரியே இருக்குக்கான்னா. பிள்ளைங்க மனநிலை, நடத்தையை அளக்கற ஒரு கேள்வித்தாள் அது. ராபர்ட் குட்மேன்னு ஒரு பிரிட்டிஷ் டாக்டர் 1997-ல வெளியிட்டது, உலகம் பூராவும் ஓடுது, நல்ல கருவிதான். அதுக்கப்புறம் ராத்திரி ராத்திரி நானும் உக்காந்து படிச்சேன், கடையில நெட்டு இருக்கு, என்ன கொறைச்சல். படிக்கப் படிக்கத்தான் வயிறு எரிஞ்சுது, ஏன்னா அந்தக் கருவியைச் செஞ்சவங்களே இதை எப்படிப் பண்ணக் கூடாதுன்னு தெளிவா வெச்சிருக்காங்க.

மொதல்ல பாஷை. அவங்க ஒத்துக்கிட்ட மொழிபெயர்ப்பை மட்டும்தான் பயன்படுத்தணும், இஷ்டத்துக்கு வார்த்தையை மாத்தக் கூடாது. தமிழ் ஃபாரம் ஏற்கனவே இருக்கு, காகிதத்துல அடிச்சுக் குடுக்கறதுன்னா காசு கூட இல்ல. அதை எடுக்காம மலையாளத்துல குடுத்து, அதை ஒரு ஏழாங்கிளாஸ் பிள்ளை பெஞ்சுல உக்காந்து தமிழாக்கம் பண்ணுச்சுன்னா, எங்க ஊருல எத்தனை வீடு இருக்கோ அத்தனை ஃபாரம் ஆயிருச்சு. ஒரே கேள்வியை ரெண்டு வீட்டுல ஒரே மாதிரி கேக்கல. அப்புறம் எதை எதோட கூட்டி சார்ட் போட்டீங்க?

அப்புறம் கணக்கு. இதைப் பொறுமையாப் படிங்க, நான் பேப்பர்ல போட்டுப் பாத்துட்டுத்தான் சொல்றேன். 25 கேள்வியில அஞ்சு நல்ல குணத்துக்கு, அதைத் தனியா வெச்சிருவாங்க. மீதி 20 கேள்வியைத்தான் கூட்டறது, ஒவ்வொண்ணுக்கும் 0, 1, 2, ஆகமொத்தம் 40. அந்த 20-ல அஞ்சு கேள்வி திருப்பிப் போட்டது, அதாவது சொன்ன பேச்சு கேப்பானா, நல்ல ஃப்ரெண்டு இருக்கானாங்கற மாதிரி, அதுக்கு ஆமான்னா 0. இப்ப ஒரு அம்மா பயந்துக்கிட்டோ மரியாதைக்கோ எல்லாத்துக்கும் "ஆமாங்க, ஆமாங்க"ன்னு சொல்லுதுன்னு வெச்சுக்கங்க. பதினஞ்சு கேள்விக்கு ரெண்டு ரெண்டு, 30. பெத்தவங்க ஃபாரத்துல 17 வந்தாலே பழைய கணக்குப்படி பிரச்சினைங்கற கட்டத்துக்குள்ள வந்திரும், 30-ன்னா கேக்கவே வேண்டாம். அதே அம்மா எல்லாத்துக்கும் "இல்லீங்க"ன்னு சொன்னா 10 வரும், பிள்ளை நார்மல். ஆக ஒரே பிள்ளை, ஒரே அம்மா. ஆமாம் போடற சுபாவமா இல்லைங்கற சுபாவமாங்கறதை வெச்சு பிள்ளை சிவப்புலயும் போவும் பச்சைலயும் போவும். எல்லாத்துக்கும் ஒரே கட்டத்துல டிக் போட்ட ஃபாரம் எங்க கடையில இருந்தே எத்தனையோ போச்சு. அதையெல்லாம் எடுத்துத் தள்ளி வெச்சீங்களா? மீட்டிங்ல எந்திரிச்சுக் கேட்டேன், "டேட்டா க்ளீன் பண்ணித்தான் போட்டிருக்கோம்"னு ஒரு வரியில முடிச்சுட்டாரு. எப்படி க்ளீன் பண்ணீங்க, எத்தனை ஃபாரத்தை எடுத்தீங்கன்னு கேக்கறதுக்குள்ள டீ வந்திருச்சு.

அந்த 17-ங்கற கோடும் பிரிட்டன்ல இருக்கற பிள்ளைங்களை வெச்சுப் போட்டது. அங்க நூறு பிள்ளைங்கள்ல சுமாரா எம்பது நார்மல், பத்து பார்டர், பத்து அதுக்கு மேலங்கற மாதிரி விழற எடத்துல கோடு கிழிச்சாங்க. எருத்தேம்பதிப் பிள்ளைக்கு அந்தக் கோடு பொருந்துமான்னு ஒரு தடவையாவது யோசிச்சுட்டு லிஸ்ட் போட்டிருக்கலாம்.

பெத்தவங்களையும் பிள்ளையையும் தனித்தனியா கேக்கறதுக்கு ஒரு காரணம் இருக்கு, ரெண்டு பேரும் வேற வேற சொல்லுவாங்க. 1987-ல ஆக்கன்பாக்குங்கற உளவியல் ஆய்வாளரும் கூட இருந்தவங்களும் 119 ஆய்வை ஒண்ணாச் சேத்துப் பாத்தப்ப, பிள்ளை தன்னைப் பத்திச் சொல்றதும் மத்தவங்க அந்தப் பிள்ளையைப் பத்திச் சொல்றதும் சராசரியா 0.22 அளவுக்குத்தான் ஒத்துப் போச்சு. 1-ன்னா அச்சு அசல் ஒண்ணு, 0-ன்னா சம்பந்தமே இல்ல. அப்படி ஒத்துப் போகாம இருக்கறதுதான் அதுல விஷயமே, வீட்டுல தெரியாதது பிள்ளைக்குத் தெரியும், பிள்ளை ஒளிக்கறது வீட்டுல தெரியும். எங்க பக்கத்துல பிள்ளையும் பெத்தவங்களும் சொன்னது அருமையா ஒத்துப் போகுதுன்னு உங்க சார்ட்லயே பெருமையா ஒரு ஸ்லைடு இருந்துச்சு. பிள்ளை கிளாஸ்ல நிரப்புன ஃபாரம், வீட்டுக்கு வந்த பெத்தவங்க ஃபாரம், ரெண்டையும் ஒரே கை நிரப்புனா ஒத்துப் போகாம என்ன பண்ணும்?

பிள்ளைங்க ஃபாரம் கிளாஸ்ல வெச்சு நிரப்புனது. மேல பேரு, ரோல் நம்பர், டிவிஷன். ஒரு பெஞ்சுல மூணு பேரு. மத்த பசங்க என்னைக் கிண்டல் பண்றாங்க, மெரட்டறாங்கங்கற மாதிரி ஒரு கேள்வி இருக்கு, மெரட்டறவன் பக்கத்துல உக்காந்து எட்டிப் பாத்துட்டு இருக்கான். என் பையனை வந்தவொடனே கேட்டேன், என்னடா போட்டேன்னு. "எல்லாரும் ஃபர்ஸ்ட் பெஞ்சைப் பாத்துப் போட்டோம்மா, தப்பாப் போனா மார்க்கு போயிரும்ல." இதுல சரி தப்பு இல்லைன்னு டீச்சர் சொன்னாங்களாடான்னா, சொன்னாங்களாம், சொல்லிட்டு "யாரும் தப்பாப் போட்டுடாதீங்க"ன்னும் சொன்னாங்களாம். டீச்சரைக் குத்தம் சொல்லல, அவங்களுக்கும் நீங்க ஒண்ணும் சொல்லிக்குடுக்கல, பாடம் எடுக்கற நேரத்துல ஒரு கட்டு பேப்பரைத் தூக்கிக் குடுத்துட்டுப் போயிட்டீங்க.

பெத்தவங்க தன்னம்பிக்கைக்கு வருவோம், எங்களுக்கு ரொம்ப வலிச்சது இதுதான். அந்தப் பின்பக்கக் கேள்விங்க பி.எஸ்.ஓ.சி-ன்னு, பிள்ளை வளக்கறதுல பெத்தவங்களுக்குத் தன் மேல இருக்கற நம்பிக்கையை அளக்கற ஒரு பழைய கேள்வித்தாளை ஒட்டி இருக்கு. 1978-ல அதை முதல்ல செஞ்சது கைக்குழந்தை வெச்சிருக்கற பெத்தவங்களுக்கு. 1989-ல ஜான்ஸ்டன், மேஷ்னு ரெண்டு பேரு 4 வயசுல இருந்து 9 வயசு வரைக்கும் பிள்ளை இருக்கற பெத்தவங்க கிட்டப் போட்டுப் பாத்தாங்க. நீங்க அதைக் கொண்டு வந்து பன்னெண்டு பதிமூணு வயசுப் பிள்ளை இருக்கற வீட்டுல நீட்டுனீங்க. அந்த வயசுல பிள்ளை கதவைச் சாத்திக்கும், கேட்டா "ஒண்ணுமில்ல"ங்கும், அதுவரைக்கும் நம்மளுக்குத் தெரிஞ்ச வித்தை எதுவும் செல்லாது. அது பெத்தவங்க கோளாறு இல்லீங்க, அந்த வயசே அப்படி. கேள்வி பாதி எதிர்மறையா வேற இருக்கு. "நான் திறமையான பெற்றோர் இல்லைன்னு நெனைக்கறேன்"னு எழுதி அதுக்குக் கீழ ஒத்துக்கறேன், ஒத்துக்கலன்னு ஆறு கட்டம். எங்க ஊரு அம்மா என்ன சொல்லும்? "இல்லீங்க"ன்னு சொல்லும். இல்லைங்கறது எதுக்கு, திறமை இல்லைங்கறதுக்கா, ஒத்துக்கலங்கறதுக்கா? ஒவ்வொரு தடவையும் நான் திருப்பித் திருப்பிக் கேட்டுத்தான் டிக் போட வெச்சேன். கடைக்கு வராம வீட்டுலயே நிரப்புன ஃபாரத்துல என்ன இருக்கும்னு நீங்களே பாத்துக்கங்க.

இதுல உங்க சொந்தக் கேள்வி நாலஞ்சும் சேத்திருந்தீங்க. பிள்ளைக்கு ஹோம்வொர்க் சொல்லித்தர முடியுமா, டீச்சர் கிட்ட தயக்கம் இல்லாம பேச முடியுமா, பிள்ளையோட நோட்டைப் பாத்துப் புரிஞ்சுக்க முடியுமா. மலையாள நோட்டை எப்படிங்க புரிஞ்சுக்கும்? என் பக்கத்து வீட்டுல ஒரு அக்கா, கயிறு கம்பெனிக்குப் போறவங்க. பையன் ரெண்டு நாளா சோத்தைத் தள்ளி வெச்சான்னு பாத்து, யாருகிட்டயும் கேக்காம ஒரு நாள் கூலியை விட்டுட்டு பஸ் ஸ்டாப்ல போயி மறைஞ்சு நின்னு, பெரிய பசங்க அவன் பையைப் புடுங்கி டிக்கெட் காசைப் பறிக்கறதைக் கையும் களவுமாப் புடிச்சாங்க. அந்தப் பசங்க வீட்டுக்கே போயி, கத்தாம, அவங்க அம்மாங்களோட உக்காந்து பேசி முடிச்சுட்டு வந்தாங்க. அவங்க ஸ்கோர் உங்க சார்ட்ல கடைசிக் கட்டத்துல. 1977-லயே ஆல்பர்ட் பந்தூராங்கற உளவியல் அறிஞர் இந்தத் தன்னம்பிக்கை விஷயத்தைப் பேச ஆரம்பிச்சாரு, எந்த வேலையிலங்கறதைப் பொறுத்து அது மாறும், ஒரு ஆளுக்கு மொத்தமா ஒரு அளவுன்னு இல்லைன்னு பின்னாடியும் விளக்கி எழுதுனாரு. அந்த அக்காவுக்குத் தன் பிள்ளை மூஞ்சி வாசிக்கறதுல இருக்கற தைரியம் உங்க ஃபாரத்துல எந்தக் கட்டத்துலயும் வரல. மலையாளம் வாசிக்கத் தெரியாததை மட்டும் நாலு தடவை கேட்டு நாலு தடவையும் கொறைச்சுப் போட்டுட்டீங்க. ஈரத்தோட கொப்பரையைத் தராசுல போட்டுட்டு எடை அதிகம்னு சொல்ற கணக்கா இருக்கு.

இப்ப அந்த லிஸ்ட். டீச்சர் கைக்கு வந்த ரெண்டாவது நாளே கிளாஸ்ல பேரு கூப்பிட்டாச்சு, "லிஸ்ட்ல இருக்கறவங்க எல்லாம் இன்டர்வெல்ல ஸ்டாஃப் ரூமுக்கு வாங்க". ஏழு, எட்டு கிளாஸ் பசங்க, சும்மா விடுவானுங்களா? "டேய் லிஸ்ட்டு"ன்னே கூப்பிடறானுங்க. ஒரு பையன் திங்கக்கிழமையானா வயித்து வலின்னு படுத்துக்கறான், அவங்கம்மா ஓமத்தண்ணி குடுத்துப் பாத்துட்டு எங்கிட்ட வந்து, லிஸ்ட்டுன்னா ஏதாவது நோயான்னு கேக்குது. சர்வே எடுக்கறதுக்கு முன்னாடி அவனுக்கு இந்த வயித்து வலி கெடையாது. அடிக்கடி தலைவலி வயித்துவலி வருதாங்கறதும் உங்க 25 கேள்வியில ஒண்ணுதான், அதனால அடுத்த தடவை எடுத்தா அவன் ஸ்கோர் இன்னும் ஏறும், உங்க சார்ட் இன்னும் சரியா இருக்கும்.

ஸ்டாஃப் ரூமுக்குப் போன பிள்ளைங்ககிட்டப் பேசறதுக்குக் கவுன்சிலர் ஒருத்தங்க வந்தாங்க, பாவம் நல்லவங்க, ஆனா அவங்களுக்குத் தமிழ் வராது. பிள்ளைங்க மலையாளத்துல பாடம் ஒப்பிப்பாங்க, வீட்டுல அப்பா குடிச்சுட்டு வந்து சத்தம் போடறதையோ, உடம்புல நடக்கற மாத்தத்தையோ அந்த பாஷையில சொல்ல வராது. ஒரு பொண்ணு பேசாம தலையை மட்டும் ஆட்டிட்டு வந்துச்சாம். அதையும் என்னன்னு எழுதிக்கிட்டாங்களோ.

சர்வேயே வேண்டாம்னு சொல்ல வரல, எழுதிட்டுப் போற ஜோர்ல அப்படித் தெரிஞ்சா அது தப்பு. எங்களுக்குத்தான் இது அதிகமா வேணும். உலக சுகாதார நிறுவனம் சொல்றது, 10-ல இருந்து 19 வயசுக்குள்ள ஏழுல ஒரு பிள்ளைக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருக்கு, பெரியவங்களுக்கு வர்ற பிரச்சினையில பாதி 18 வயசுக்குள்ளயே ஆரம்பிச்சிருது. 2022-ல மத்திய அரசோட பாடத்திட்ட அமைப்பான என்.சி.ஈ.ஆர்.டி நாடு பூராவும் 6-ல இருந்து 12 வரைக்கும் படிக்கற 3.79 லட்சம் பிள்ளைங்க கிட்டக் கேட்டப்ப 81 சதவீதம் பேரு படிப்பு, பரீட்சை, ரிசல்ட்டுதான் பதட்டத்துக்குக் காரணம்னு சொன்னாங்க. எங்க பிள்ளைங்களுக்கு அது போக இன்னொரு வெசனம் இருக்கு, பத்தாவது முடிச்சா பாலக்காடு பக்கம் போறதா பொள்ளாச்சி பக்கம் போறதான்னு ஏழாவதுல இருந்தே வீட்டுல பேச்சு ஓடும், எந்தப் பக்கம் போனாலும் ஒரு பாஷையில அரைகொறை. இதையெல்லாம் யாராவது ஒழுங்கா வந்து கேட்டா நாங்க ஏன் வேண்டாங்கறோம். கேக்கற விதத்துல கேட்டா எங்க சனம் உக்காந்து ராத்திரி பத்து மணி வரைக்கும் பேசும்.

அதனால நாங்க கேக்கறது இதுதான். லிஸ்ட்டை உடனே திருப்பி வாங்குங்க, ஸ்கூல்ல ஒரு காப்பி கூட இருக்கக் கூடாது, வாங்கிட்டோம்னு ஹெச்.எம் வழியா எழுத்துல குடுங்க, ஏற்கனவே பேரு வெளிய வந்த பிள்ளைங்க வீட்டுக்கு உங்க ஆளு நேர்ல போயி, உங்க பிள்ளைக்கு நோய் எதுவும் இல்ல, இது டாக்டர் சொன்ன முடிவு இல்லைன்னு தமிழ்ல சொல்லணும். கட்டாய கிளாஸை நிறுத்தி வைங்க. மூணு நாள் கூலி போனா அந்த வீட்டுல அந்த வாரம் என்ன நடக்கும்னு தெரிஞ்சவங்க வேலை நாள்ல பத்து மணிக்கு வைக்க மாட்டாங்க. எங்களுக்கு உதவியா ஏதாவது செய்யணும்னா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வாங்க, பாடம் எடுக்காம மொதல்ல எங்ககிட்ட என்ன கஷ்டம்னு கேளுங்க. இந்த சர்வே நம்பரை எந்த ரிப்போர்ட்லயும் எந்தத் திட்டத்துலயும் சேக்காதீங்க, ஏற்கனவே மேல அனுப்பியிருந்தா இது செல்லாதுன்னு எழுதி அனுப்புங்க, தன் ஃபாரத்தைத் திருப்பிக் கேக்கற பெத்தவங்களுக்குத் திருப்பிக் குடுங்க.

மறுபடி எடுக்கறதா இருந்தா ஒத்துக்கிட்ட தமிழ் ஃபாரத்தை எடுங்க, வாசிக்கத் தெரியாதவங்களுக்கு வாசிச்சுக் காட்ட ஆளு போடுங்க, அந்த ஆளு எங்க பேச்சு பேசறவங்களா இருக்கணும், அந்த வீட்டுப் பிள்ளையா, ஸ்கூல் டீச்சரா, சொந்தக்காரங்களா இருக்கக் கூடாது. முழுசா இறங்கறதுக்கு முன்னாடி நாலு வீட்டுல உக்காந்து ஒவ்வொரு கேள்வியையும் வாசிச்சு "உங்களுக்கு என்ன புரிஞ்சுது"ன்னு கேட்டுப் பாருங்க, அங்கயே பாதி தெரிஞ்சிரும். பிள்ளைங்களைத் தள்ளித் தள்ளி உக்கார வைங்க, பேருக்குப் பதிலா நம்பர் போடுங்க, எழுதுன பேப்பரை அவங்களே மடிச்சுப் பெட்டியில போடட்டும். அவ்வளவு முடியாதுன்னா டபிள்யூ.ஹெச்.ஓ-5 இருக்கு, அஞ்சே கேள்வி, போன ரெண்டு வாரம் மனசு எப்படி இருந்துச்சுன்னு, மொத்தம் 25 மார்க்கு, நாலால பெருக்குனா நூத்துக்கு வந்திரும், ஒம்பது வயசுக்கு மேல இருக்கற பிள்ளைங்களுக்கே புரியும். பெத்தவங்க கிட்ட தன்னம்பிக்கை கேக்கறதுன்னா இந்த வயசுப் பிள்ளையோட நாங்க படற பாட்டை வெச்சுக் கேளுங்க, ஃபோனைக் கையில இருந்து வாங்கறது, வயசுக்கு வந்த பொண்ணுகிட்டப் பேசறது, பையன் கோவத்துல கதவை அடிச்சா என்ன பண்றதுங்கற மாதிரி. நோட்டுப் புத்தகத்தை விடுங்க.

தமிழ் பேசற கவுன்சிலர் ஒருத்தங்க எங்க ஸ்கூலுக்கு வாரத்துல ஒரு நாளாவது வரணும், அடுத்த ஃபாரம் வர்றதுக்கு முன்னாடியே வரணும். அதுவரைக்கும் 14416, டெலி மானஸ்ங்கற மனநல உதவி ஃபோன் லைன், மத்திய அரசு 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது, தமிழ்லயும் பேசலாம், அந்த நம்பரைத் தமிழ்ல அடிச்சு எல்லா கிளாஸ்லயும் ஒட்டுங்க, உங்க ஃபாரத்துல எந்த எடத்துலயும் அது இல்ல. அச்சடிக்கற காசு இல்லைன்னா சொல்லுங்க, என் கடையில நானே எடுத்துத் தர்றேன்.

கடைசியா, இந்தக் கடுதாசிக்குப் பதில் தமிழ்ல வேணும். 1969-ல வந்த கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி இந்த மாநிலத்துல இருக்கற தமிழ்க்காரங்க தலைமைச் செயலகத்துக்கும், துறைத் தலைவருங்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதியில இருக்கற அரசு ஆஃபீஸுக்கும் தமிழ்ல எழுதலாம், பதிலும் தமிழ்ல வரணும். இதோட ஒரு காப்பியைக் கையெழுத்தோட ஸ்கூல் ஆஃபீஸ்ல குடுத்து சீல் வாங்கி வெச்சிருக்கேன், கையெழுத்துப் போட்ட அம்மா அப்பாங்க எல்லாருக்கும் இதைத் தமிழ்ல வாசிச்சுக் காட்டித்தான் வாங்கினேன். கிளாஸ் ஆரம்பிக்கறதுன்னு நீங்க சொன்ன தேதிக்கு முன்னாடி பதில் வரணும். வரலைன்னா அன்னைக்கு நாங்க எல்லாரும் வேலைக்குப் போயிருவோம், ஹால்ல சேர் மட்டும்தான் இருக்கும்.

இப்படிக்கு,
ஏழாம் கிளாஸ் பையனோட அம்மா, கூட கையெழுத்துப் போட்ட பெத்தவங்க
கொழிஞ்சாம்பாறை பகுதி, பாலக்காடு மாவட்டம்